நாணய விலைக் கையேடுகளின் சான்றுப் பெறுமதி

பழைய நாணயமொன்றின் முகப்பெறுமதி அதன்மீதே பொறிக்கப்பட்டுள்ளது. அதன் சந்தைப் பெறுமதியோ எங்கும் பொறிக்கப்படுவதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்தவையே விலைக் கையேடுகள். அவற்றில் அச்சாகும் தொகை ஒருவர் உண்மையிற் கொடுத்த விலையா, வணிகர் கேட்ட விலையா என்பது, அவற்றைச் சான்றாகக் கொள்ள முனையும் வரலாற்று மாணவர் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும். இந்நூல்கள் பெருவழக்குப் பெற்ற ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தக்க விளக்கமாக அமைகின்றது.

ஆர். எஸ். யோமன் என்னும் பெயரில் றிச்சேட் யோ தொகுத்த கையேட்டை விற்மன் பதிப்பகம் 1942இல் வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் ‘நீல நூல்’ எனப்பட்ட அதில், வணிகர் நாணயங்களை வாங்கும் விலை இடம்பெற்றது. 1946இன் இறுதியில் அவரே தொகுத்த ‘செந்நூல்’ வெளிவந்தது. இது வணிகர் விற்கும் விலையைத் தந்தது. தொகுப்பாளர் ஒருவர், பதிப்பகம் ஒன்று, நாணயமும் ஒன்று. விலை மட்டும் இரண்டு. பாட்டனார் விட்டுச்சென்ற நாணயங்களைச் செந்நூல் கொண்டு மதிப்பிட்டுக் கடைக்குச் சென்றவர் ஏமாற்றமடைந்தாரெனின், அதில் வியப்பில்லை. மேலும், 1946இல் வெளிவந்த முதற்பதிப்பு 1947ஆம் ஆண்டைத் தாங்கியிருந்தமை நோக்கத்தக்கது. அட்டையிலுள்ள ஆண்டு பிறக்குமுன்னரே விலைகள் திரட்டப்பட்டுவிட்டன. அவற்றைத் தெரிவித்தோருட் பலர், அந்நாணயங்களைக் கையிருப்பில் வைத்திருந்த வணிகரே.

இதன் விளைவை 1950ஆம் ஆண்டு டென்வர் நாணயசாலை அடித்த ஐந்து சத நாணயத்திற் காணலாம். அவ்வாண்டு அங்கு அடிக்கப்பட்டவை 26,30,030 மட்டுமே. ஜெபர்சன் உருவம் பொறித்த அவ்வரிசையில் மிகக் குறைந்த தொகை இதுவேயாகும். இத்தொகை சேகரிப்பாளரைக் கவர்ந்தது. விலை ஏறியது, ஏறிய விலை அச்சில் வந்தது, அதனைக் கண்டோர் மேலும் வாங்கினர். 1964 அளவில், இரண்டு டொலர் முகப்பெறுமதியுடைய 40 நாணயச் சுருளொன்றின் விலை ஏறக்குறைய 1,200 டொலரை எட்டியது. பின்னர் அது பெருவீழ்ச்சி கண்டது. இந்நாணயங்களுட் பெரும்பாலானவை புழக்கத்துக்கே வராது, சுருள் சுருளாகப் பதுக்கப்பட்டிருந்தன. அடிக்கப்பட்டவை எத்தனை என்பதைக் கையேடு சரியாகவே கூறிற்று. புதுமை குன்றாது எஞ்சியவை எத்தனை என்பதை அது கூறவில்லை. விலையை நிருணயிப்பது பின்னையதே.

நாணயத்தின் தரமும் இங்கு சிக்கலை விளைவிக்கின்றது. வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவுகோல், பழைய ஒரு சத நாணயங்களின் விலை விகிதத்தினின்றே தோன்றியது: தரம் 70 உடையது, தரம் 1 உடையதைப்போல் எழுபது மடங்கு பெறுமதியானது என்பதே அவர் கருத்து. விலைகள் அவ்விகிதத்தை விரைவிற் கைவிட்டன. அளவுகோல் மட்டும் நிலைத்தது. தரத்தில் ஓர் எண் கூடின், விலை பன்மடங்காகும் நிலையும் பின்னர் ஏற்பட்டது. அவ்வோர் எண்ணைத் தீர்மானிப்பது பார்ப்பவரின் கண்.

1980ஆம் ஆண்டு ஆண்டுக் கையேடுகளின் இயலாமையை முழுமையாகப் புலப்படுத்திற்று. சனவரி 18இல் அவுன்ஸ் ஒன்று 49.45 டொலராகவிருந்த வெள்ளி, மார்ச் 27இல் 10.80 டொலராக வீழ்ந்தது. மோர்கன் வெள்ளி டொலரில் ஏறத்தாழ 0.77 அவுன்ஸ் தூய வெள்ளி உண்டு. எனவே உலோகப் பெறுமதி மட்டுமே பத்து வாரங்களுள் 38 டொலரிலிருந்து எட்டு டொலரளவிற்கு இறங்கியது. ஆண்டுக்கொருமுறை அச்சாகும் நூல் இதனை எங்ஙனம் பின்தொடரும்? விலை உச்சத்திலிருந்த நாட்களில், கையேட்டு விலையினும் உலோகம் மிகுதியாக விலைபெற்ற நாணயங்கள் பெருந்தொகையாக உருக்கப்பட்டன. பின்வந்த பதிப்புகள் அடிக்கப்பட்ட தொகையை முன்போலவே அச்சிட்டன. உலையிலிட்டவற்றிற்கு அவற்றில் நிரல் இல்லை.