கணினியைப் பாட வைத்த பொறியாளர் மேக்ஸ் மேத்யூஸ்

1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 17 விநாடி இசை ஒன்று ஒலித்தது. அதை யாரும் வாசிக்கவில்லை, வாசிக்க வாத்தியமும் இல்லை. நியூமன் கட்மன் என்பவர் அமைத்த அந்தத் துணுக்கின் பெயர் 'சில்வர் ஸ்கேல்'. உண்மையைச் சொன்னால், கேட்க அது அவ்வளவு இனிமையாக இருக்காது. ஆனால் இன்று கைத்தொலைபேசியில் நாம் கேட்கும் இசைக்கு அதுவே ஒரு வகையில் பாட்டி. அதை ஒலிக்க வைத்த நிரலின் பெயர் 'மியூசிக்'. எழுதியவர் மேக்ஸ் மேத்யூஸ்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் 1926 நவம்பர் 13ஆம் தேதி பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே வயலின் கற்றார். கடற்படையில் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையைப் பழகினார். பிறகு கால்டெக்கில் மின்பொறியியல் பட்டமும், 1954இல் எம்ஐடியில் முனைவர் பட்டமும் பெற்றார். மறு ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வயலினை வாழ்நாள் முழுதும் விடவில்லை, ஆனால் தேர்ந்த கலைஞர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டதும் இல்லை. கை ஓடாத ஒருவருக்கும் நல்ல இசை வசப்பட வேண்டும் என்ற எண்ணம் அவருடைய கண்டுபிடிப்புகள் பலவற்றின் அடியில் இருப்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

பெல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அங்கே மேத்யூஸின் அன்றாட வேலை இசை அல்ல, பேச்சொலியை எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்புவதும், எண்களை மீண்டும் ஒலியாக்குவதும்தான். அவருடைய மேலாளர் ஜான் பியர்ஸும் இசைப் பிரியர். ஒருநாள் இருவரும் ஒரு பியானோ கச்சேரிக்குப் போனார்கள். கச்சேரியில் சில பகுதிகள் பியர்ஸுக்குப் பிடிக்கவில்லை. கணினி இதைவிட நன்றாகச் செய்யுமே, நீ ஒரு நிரல் எழுதேன் என்று மேத்யூஸைத் தூண்டியவர் அவர்தான்.

கணினி அதற்கு முன் மெட்டு ஒலித்ததே இல்லையா? ஒலித்திருக்கிறது. 1951இலேயே ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் கணினிகள் ஒலிபெருக்கி வழியாகச் சில மெட்டுகளைக் கூவியிருக்கின்றன. மேத்யூஸ் செய்தது வேறு. ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வின் உயரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்தால் எண்களின் வரிசை ஒன்று கிடைக்கும். அந்த வரிசையைக் கணினியே கணக்கிட்டு உருவாக்கினால், உலகில் இல்லாத ஒலியையும் பிறக்க வைக்கலாம். இசைத்தட்டில் நொடிக்கு 44,100 எண்கள் பதிவாகின்றன என்றால் வேலையின் பளு புரியும்.

அன்றைய நடைமுறையோ பெரும்பாடு. ஐபிஎம் 704 கணினி நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் இருந்தது. அங்கே போய்க் கணக்கிட்டு, எண்கள் பதிந்த காந்த நாடாவை நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்து கருவியில் ஏற்றினால்தான் என்ன இசைத்தோம் என்றே தெரியும். இதைக் கேட்டவர்களிடம் வரவேற்பைவிட ஐயமும் அச்சமும்தான் அதிகம் இருந்தன.

1960 வாக்கில் வந்த 'மியூசிக் 3' நிரலில்தான் மேத்யூஸின் கட்டமைப்புத் திறமை முழுதாகத் தெரிகிறது. அலையை உருவாக்கும் துண்டு, கூட்டும் துண்டு, வடிகட்டும் துண்டு எனச் சிறுசிறு நிரல் துண்டுகளை அவர் செய்து வைத்தார். இசையமைப்பாளர் தம் விருப்பப்படி அவற்றை இணைத்துத் தமக்கான வாத்தியத்தைத் தாமே கட்டிக்கொள்ளலாம். முடிந்த வாத்தியத்தைக் கொடுக்காமல் வாத்தியம் செய்யும் பட்டறையைக் கொடுத்தார் எனலாம். 1968இல் 'மியூசிக் 5' நிரலை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியதால் மற்ற நிறுவனக் கணினிகளிலும் அது ஓடியது.

1961இல் பெல் கணினி 'டெய்சி பெல்' என்ற பழைய பாட்டைப் பாடியது. குரலை உருவாக்கியவர்கள் ஜான் கெல்லியும் கேரல் லாக்பாமும், பின்னணி இசை மேத்யூஸுடையது. அங்கு வந்திருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைக் கேட்டார். கொழும்பில் குடியேறி அங்கேயே வாழ்ந்து மறைந்தாரே, அதே கிளார்க்தான். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில், செயலிழக்கும் கணினி அந்தப் பாட்டைத்தான் பாடுகிறது.

அதே ஆய்வுக்கூடத்தில் ஓவியமும் வளர்ந்தது. மைக்கேல் நால் கணினியில் வரைந்த படங்கள் 1965இல் நியூயார்க்கின் ஹவர்ட் வைஸ் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தன. அதில் ஒரு படத்துக்குக் காப்புரிமை கேட்டபோது, இயந்திரம் செய்தது என்று சொல்லி முதலில் மறுத்துவிட்டார்கள். நிரலை எழுதியவன் மனிதன் என்று நால் விளக்கிய பிறகே பதிவு கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நடக்கும் வாதத்துக்கு அறுபது வயதாகிறது.

மேத்யூஸின் கை பட்டு வளர்ந்தவர்கள் பலர். பிரான்ஸிலிருந்து 1964இல் வந்த ழான்-குளோட் ரிஸே, எக்காளத்தின் ஒலி வலுக்கும்போது அதன் உச்ச அதிர்வுகளும் கூடுகின்றன என்று கணினி வழி கண்டறிந்தார். மேத்யூஸ் 1963இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, ஜான் சவ்னிங் என்ற இசை மாணவர் அவரைத் தேடிவந்து துளை அட்டைப் பெட்டியோடு ஸ்டான்ஃபோர்டு திரும்பினார். அவர் பின்னர் கண்டுபிடித்த ஒலியாக்க முறையை யமஹா வாங்கி, 1983இல் 'டிஎக்ஸ்7' கீபோர்டாக விற்றது. திருவிழா மேடையில் கீபோர்டு வாசிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வம்சாவளி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எண்களைக் கணக்கிட்டுக் காத்திருப்பது மேத்யூஸுக்கும் சலித்திருக்க வேண்டும். 1970இல் அவரும் எஃப். ஆர். மூரும் அமைத்த 'குரூவ்', வாசிப்பவர் கையசைவுக்கு உடனே ஒலித்தது. 1974 முதல் 1980 வரை பாரிஸின் இர்காம் இசை ஆய்வகத்துக்கு ஆலோசகராக இருந்தார். 1987இல் ஸ்டான்ஃபோர்டில் இசைப் பேராசிரியர் ஆனார். பொறியியல் படித்தவர் அறுபது வயதில் இசைத் துறையில் பேராசிரியர் ஆவது எங்கும் அரிதுதான். அங்கே 'ரேடியோ பேட்டன்' கருவியை மேம்படுத்தினார். இரண்டு கோல்களைக் காற்றில் அசைத்தால் பலகை அவற்றின் இடத்தை அறியும். சுரங்கள் முன்பே கணினியில் இருக்கும், வேகமும் அழுத்தமும் மட்டும் கோலைப் பிடித்தவர் கையில்.

2011 ஏப்ரல் 21ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் 84ஆவது வயதில் அவர் காலமானார். எண்பதுகளில் இர்காமில் மில்லர் பக்கெட் என்பவர் எழுதி, இசைக்கலைஞர்களும் காட்சிக்கலைஞர்களும் இன்றும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்று உண்டு. மேத்யூஸின் நினைவாக அதற்கு 'மேக்ஸ்' என்று பெயர்.