ஆராய்ச்சிப் பொத்தானும் அம்பரப்பர் மலையும்

வீடியோ விளையாட்டும் ஒரு பிரதிதான் என்றால் நம் விமர்சகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் வரலாறு எப்படி நகர்கிறது என்று இன்றைய பையன்களுக்குப் பாடம் நடத்துவது அதுதான். 1980இல் பிரான்சிஸ் டிரெஷாம் வடிவமைத்த பலகை விளையாட்டு 'சிவிலைசேஷன்'. 1991இல் அதே பெயரில் சிட் மெயரின் கணினி விளையாட்டு. இவற்றின் வழியே பரவியது 'தொழில்நுட்ப மரம்' என்கிற கருத்தாக்கம். ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் அடுத்தது திறக்கும். முன்னேற்றம் என்னும் பெருங்கதையாடலின் சுருக்கமான வரைபடம் இது.

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2010இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட் 2' அறிவியல் புனைவு விளையாட்டில் இந்த மரம் விண்கலத்துக்குள் ஓர் ஆய்வுக்கூடமாகிறது. கவசத்தையோ பீரங்கியையோ மேம்படுத்த வேண்டுமா? கிரகங்களை வருடிப் பார்த்து, கருவியை இறக்கி, பிளாட்டினம், பல்லேடியம், இரிடியம் அள்ளிவர வேண்டும். அள்ளிய பின் அந்தக் கிரகம் 'தீர்ந்தது' எனக் குறிக்கப்படும். கலத்தை மேம்படுத்தாமல் கடைசிப் போருக்குப் போனால் கூட வந்தவர்கள் சாவார்கள். ஆக, ஆராய்ச்சி இங்கே ஆர்வமல்ல, உயிர்ப்பயம். கிரகத்துக்கு மட்டும் வாய் கிடையாது.

எங்க ஜில்லாவில் அது வாய் திறந்தது. தேவாரம் பக்கம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை வைத்து நியூட்ரினோவை ஆராயும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். நியூட்ரினோ ஆளைக் கொல்லும் என்ற பேச்சு தவறு. அது ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடியாய் நம்மைக் கடந்துதான் போகிறது. ஜனங்களின் கேள்வி வேறு. வெடி, தூசி, மேய்ச்சல், தண்ணீர். 2022இல் தமிழக அரசு, பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் வழித்தடத்தைச் சுட்டி, அனுமதிக்க முடியாதென்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1965இல் கோலார் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா ஆய்வு நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அந்தக் குழி அறிவியலுக்காகத் தோண்டியதல்ல, தங்கத்துக்காக. தோண்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்க் கூலிகள், அதிலும் தலித்துகள். விளையாட்டில் சுரங்கம் ஆராய்ச்சிக்குத் தீனி போடும். கோலாரில் ஆராய்ச்சிதான் சுரங்கத்தில் ஒண்டிக்கொண்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. புது இடமாகப் பார்த்த நீலகிரியின் சிங்காராவை, முதுமலைப் புலிகளைக் காட்டி, 2009இல் மத்திய அரசே மறுத்தது. பிறகுதான் பொட்டிப்புரம்.

2025இல் சீனாவின் ஜூனோ ஆய்வகம் வேலையைத் தொடங்கிவிட்டது. நாம் பின்தங்கிவிட்டோமா? ஒரே மரம்தான் உண்டென்று நம்பினால் ஆமாம். ஆண்டிபட்டியில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். தறி 'மேம்படும்'போது கையின் கதி என்ன என்பது எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அறிவின் இழப்பும் இழப்புதான். ஆனால் விளையாட்டின் செலவுப் பட்டியலில் உலோகம் மட்டுமே இருக்கிறது. நம்முடைய பட்டியலில் ஓடையும் மேய்ச்சலும் ஏற வேண்டும். அதை எழுதும்போது பொட்டிப்புரத்து ஆட்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.