பேரைச் சொன்னால்தான் ஓட்டு

சென்ற மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். நானும் பக்கத்துத் தெரு நண்பரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நண்பர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பேத்திக்கு அவர் "தாசில்தார் தாத்தா".

"தாத்தா, இதுல உறவினர் பேர்னு ஒரு கட்டம் இருக்கு. அப்பா, அம்மா, கணவர், மனைவின்னு போட்டிருக்கு. யார் பேரை எழுத?"

"அப்பா பேரை எழுது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றேன்.

"அம்மா பேரை எழுதினா ஏத்துக்க மாட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் தாசில்தார் சிரித்துவிட்டார். "தாராளமா எழுதலாம்மா. கட்டத்துலயே அம்மான்னு இருக்கே. எங்க காலத்துல பொம்பளைகளைப் பேர் சொல்ல வைக்கிறதே பெரும்பாடு. நீ யார் பேரை எழுதட்டும்னு யோசிக்கிறே."

அங்கே ஆரம்பித்தது பேச்சு. விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் ஓயவில்லை.

முப்பத்தைந்து வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவன் நான். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? முதல் தேர்தல் கதையை அவளுக்குச் சொன்னேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு என்பது சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான். பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததில் நம் சென்னை மாகாணம் முன்னால் நின்றது. 1921-லேயே கொடுத்தது. ஆனால் ஆண்களுக்கு இருந்த அதே சொத்துத் தகுதி பெண்களுக்கும் உண்டு. நிலமோ வீடோ தன் பேரில் இல்லாத பெண்ணுக்கு அந்த உரிமையால் என்ன பயன்? பிறகு 1935-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. அதில் பெண்களுக்கு இன்னொரு வழி திறந்தார்கள். சொத்துள்ளவரின் மனைவி அல்லது விதவை என்ற முறையிலும் ஓட்டுப் போடலாம்.

"அப்படின்னா ஓட்டு அந்தம்மாவுக்கு இல்ல தாத்தா, இன்னாரோட மனைவிங்கிற பட்டத்துக்கு" என்றாள் பேத்தி.

சரியாகத்தான் சொன்னாள். அதை மாற்றியது நம் அரசியல் சட்டம். அதன் 326-வது பிரிவு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றது. சொத்து கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. அப்போது வயது 21. அதைப் பதினெட்டாகக் குறைத்தது 1989-ல்.

1951 மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அதற்கான வேலை அரசியல் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்தவர் சுகுமார் சென். ஐ.சி.எஸ். அதிகாரி, வங்காளத்துக்காரர், கணிதம் படித்தவர். பின்னாளில் சூடான் நாட்டுக்கே போய்த் தேர்தல் நடத்திக் கொடுத்தவர்.

கணக்கெடுப்பவர்கள் வீடு வீடாகப் போனார்கள். வடக்கே பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கங்களில் ஒரு சிக்கல். பெண்கள் அந்நிய ஆணிடம் தங்கள் பேரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். "இன்னார் மனைவி", "இன்னார் அம்மா" என்று மட்டும் சொன்னார்கள். எழுத வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுகுமார் சென் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சொந்தப் பேர் இல்லாமல் பட்டியலில் யாரும் இருக்க முடியாது என்றார். பேரைச் சொல்ல பீகாரில் ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அங்கே ஓரளவு பயன் இருந்தது. ராஜஸ்தானிலும் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. கடைசியில் நாடு முழுவதும் பதிவாகியிருந்த சுமார் 8 கோடிப் பெண்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

"இருபத்தெட்டு லட்சமா!" பேத்தி படிவத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அது அநியாயம் தாத்தா. ஓட்டு எல்லாருக்கும்னு சட்டம் போட்டுட்டு, கூச்சப்பட்டதுக்காக எடுத்துடுவாங்களா?"

தாசில்தார் விடவில்லை. "நீ சொல்றது கேக்க நல்லா இருக்கும்மா. நான் நாற்காலியில உட்கார்ந்து பார்த்தவன். 'ராமசாமி மனைவி'ன்னு பட்டியல்ல இருந்தா, யார் வேணும்னாலும் முக்காடு போட்டுக்கிட்டு வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிடலாம். ராமசாமிக்கு ரெண்டு சம்சாரம்னா எந்த அம்மா ஓட்டுப் போடணும்? சென் அன்னைக்கு விட்டுக்கொடுத்திருந்தா, இன்னைக்கும் நீ உன் புருஷன் பேர்லதான் பட்டியல்ல இருப்பே."

"ஆனா நஷ்டம் யாருக்கு? அந்த அம்மாக்களுக்குத்தானே? பேரைச் சொல்லாதேன்னு சொல்லி வளர்த்தவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே?"

தாசில்தார் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுவும் நியாயம்தான்" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் இந்தக் கதையைப் பல முறை சொல்லியிருக்கிறேன். வடநாட்டுப் பெண்களின் அறியாமை என்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிது. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். 1977 தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் பட்டியல் எழுதும் வேலையை எங்களுக்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெரிய நோட்டும் பேனாவுமாகத் தெருத் தெருவாக நடப்போம்.

நம் பக்கத்துப் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லிவிடுவார்கள். புருஷன் பேரைத்தான் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. பட்டியலிலோ பேருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று ஒரு இடம் இருக்கும். கணவர் பெயர் எழுதாமல் விட முடியாது. அதனால் ஒவ்வொரு வாசலிலும் விடுகதைதான். "பிள்ளையாருக்குத் தம்பி", "வானத்துல ராத்திரி வருமே, அது" என்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து பேரைப் போட்டு உடைத்துவிட்டு ஓடும். எங்களுக்கும் அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தார். புருஷன் கேரளத்தில் எங்கோ கூலி வேலைக்குப் போயிருந்தார். "மலை மேல இருக்கிற சாமி பேரு சார்" என்றார். இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் பத்து வீடு பாக்கி. மலை மேல் இருக்கிற சாமி என்றால் பழனிதானே என்று எழுதிக்கொண்டு நடந்துவிட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை.

அவர் சொன்னது ஏழுமலை மேல் இருக்கிற சாமியை.

1977 மார்ச்சில் தேர்தல். அவசர நிலைக்குப் பிறகு வந்த தேர்தல் என்பதால் ஊரே பரபரப்பாக இருந்தது. நான் வேறு ஊரில் தேர்தல் வேலையில் இருந்தேன். இங்கே அந்த அம்மா வரிசையில் நின்று உள்ளே போயிருக்கிறார். ஒரு கட்சி ஏஜெண்டு, பட்டியலில் உள்ள கணவர் பேர் வேறு, இது வேறு ஆள் என்று ஆட்சேபம் செய்திருக்கிறான். தலைமை அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அத்தனை ஆண்கள் நடுவில் அவர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"வாத்தியாரே, பட்டியல்ல எழுத்துப் பிழை இருந்தா ஆளை வச்சுப் பார்த்துட்டு விட்டுடணும்னு விதியே இருக்கு" என்றார் தாசில்தார். "ஆட்சேபம் பண்றவன் ரெண்டு ரூபா கட்டணும். அக்கம்பக்கத்துல விசாரிக்கணும். கொஞ்சம் பொறுத்திருந்தா அந்த அம்மாவை விட்டிருப்பாங்க."

"விதி உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு யார் சொன்னா?" என்றேன்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், எங்கம்மாவை ஓட்டுப் போட விடலை சார்" என்றான். அந்த அம்மாவின் மகன். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் சாமி பேரைச் சரியாத்தான் சார் சொன்னேன். நீங்க வேற மலைக்குப் போயிட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் என் வகுப்பில்தான் இருந்தான். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் அவன் அப்பா பேர் இருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். மறுநாளே திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்தேன். 1980 தேர்தலில் அந்த அம்மா ஓட்டுப் போட்டார். வழியில் என்னைப் பார்த்து விரலில் இருந்த மையைக் காட்டினார். ஆனாலும் 1977-ல் போடாத ஓட்டு போடாததுதான்.

பேத்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சுகுமார் சென் பண்ணினது சரியா தப்பா, தாத்தா? நீங்க இன்னும் சொல்லலை" என்றாள்.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். பேர் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது சரி. அதனால்தான் ஒவ்வொரு பெண்ணும் தன் பேரில் பட்டியலில் ஏறினாள். ஆனால் அந்தப் பேரைக் கேட்டு எழுதும் வேலை டில்லியில் நடப்பதில்லை. அது ஏதோ ஒரு தெருவில், விளக்கு வைக்கும் நேரத்தில், என்னைப் போன்ற அவசரக்காரன் கையில் இருக்கிறது. பீகாரில் இன்னும் ஒரு முறை போய்க் கேட்டபோது பலர் சொன்னார்கள். நான் அந்த வாசலில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

"எங்க கொள்ளுப்பாட்டி முதல் தேர்தல்ல ஓட்டுப் போட்டாங்களா?" என்று கேட்டாள்.

போட்டார். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. 1952 ஜனவரியில், ஒரு வயதுப் பிள்ளையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனதாகச் சொல்வார். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் எதுவும் எழுத வேண்டாம், வேண்டிய பெட்டியில் போட்டால் சரி. ஆச்சி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாராம். 1962-ல் முத்திரை குத்தும் முறை வந்தபோது, "பெட்டியெல்லாம் எங்கேடா போச்சு?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வருஷம்தான் கட்சிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த ஓட்டுச் சீட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எனக்குப் பதினோரு வயது. வரிசை எண்ணைப் படித்தேன். பேரைப் படித்தேன். யாரோ வேறு ஆள் சீட்டு மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு அம்மா, எனக்கு ஆச்சி, தெருவுக்கு மேலவீட்டு ஆச்சி. தாத்தா "ஏளா" என்றுதான் கூப்பிடுவார்.

"என் பேருதாம்லே. இன்னொரு தரம் படி" என்றார் ஆச்சி.

படித்தேன். சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பேத்தி அந்தப் பேரைக் கேட்டாள். சொன்னேன். அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்து, உறவினர் பேர் என்ற கட்டத்தில் அவள் அம்மாவின் பேரை எழுதினாள். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று தாசில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிபார்த்தார்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி, அம்மாவைப் பெற்ற பாட்டி, அவர்களுடைய அம்மாக்கள் இவர்களின் சொந்தப் பேர் என்னவென்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. எழுதியதைச் சொன்னவரிடமே ஒரு முறை படித்துக் காட்டிவிடுங்கள்.