புத்தூர் 2013: எல்லை தாண்டிய ஒரு தகவல்



1960 ஏப்ரல் 1 அன்று நம் திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றோர் போராடிப் பெற்ற எல்லை இது. நமக்கு அது பெருமை. ஆனால் சட்டத்துக்குத் தப்பி ஓடுபவனுக்கு எல்லை ஒரு மறைவிடம். இதற்கு நம் பக்கத்து ஊர் புத்தூரே சாட்சி.

2013 ஜூலையில் வேலூரிலும் சேலத்திலும் அரசியல் பிரமுகர்கள் இருவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். 2011-ல் திருமங்கலம் அருகே அத்வானி செல்லவிருந்த வழியில் பாலத்தடியில் குழாய் வெடிகுண்டு சிக்கியது நினைவிருக்கும். அந்த வழக்கில் தேடப்பட்டவர்களையே இக்கொலைகளுக்காகவும் தமிழகப் போலீஸார் தேடினர்.

அக்டோபர் 4 அன்று ஒருவர் சென்னையில் பிடிபட்டார். விசாரணையில் புத்தூரில் ஒரு வாடகை வீடு இருப்பது தெரிந்தது. மறுநாள் பொழுது விடியுமுன்னே தமிழகப் போலீஸார் அங்கே நின்றனர். உள்ளே நுழைய முயன்ற ஆய்வாளர் ஒருவர் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். ஆந்திரப் போலீஸாரும் அவர்களது ஆக்டோபஸ் கமாண்டோ படையும் கைகோத்தனர். பல மணி நேரத்துக்குப் பின் ஒரு பெண்ணும் குழந்தைகளும் பத்திரமாக வெளியே வந்தனர். தேடப்பட்ட இருவரும் பிடிபட்டனர்.

மாநிலம் தாண்டிப் பிடிக்கச் சட்டம் முன்பே இடம் தந்திருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 48-வது பிரிவு அதைத்தான் சொன்னது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. எந்தத் தெரு, எந்த வீடு என்ற தகவல் உரிய நேரத்தில் உரியவர் கைக்குச் சேர வேண்டும்.

சேராவிட்டால் என்ன ஆகும்? 2001 அமெரிக்கத் தாக்குதலில் ஈடுபட்ட இருவரைப் பற்றி சி.ஐ.ஏ. அறிந்திருந்தும், எஃப்.பி.ஐ.க்கு அது நேரத்தில் போய்ச் சேரவில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்கு முன்பும் கடல்வழி ஆபத்து பற்றி எச்சரிக்கைகள் வந்திருந்தன. அதன் பிறகே என்.ஐ.ஏ. பிறந்தது, கார்கில் போருக்குப் பின் தொடங்கிய பல்முகமை மையமும் வலுப்பட்டது.

2012-ல் மத்திய அரசு தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் அமைக்க முயன்றது. மாநிலங்களைக் கேளாமல் கைது செய்யும் அதிகாரமா என்று ஜெயலலிதா உள்ளிட்ட முதல்வர்கள் எதிர்த்தனர். திட்டம் நின்றது. அந்த எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. தகவலைப் பகிர்வது வேறு, அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறான தகவலும் இதே வேகத்தில்தான் எல்லை தாண்டும். அதில் சிக்குபவன் அப்பாவி. ஒரு சிலர் செய்ததற்கு ஒரு சமூகத்தையே சந்தேகிப்பதும் அநியாயம். காவல்துறையில் பணிபுரியும் என் மாணவர்களே, தகவலைப் பூட்டி வைக்காதீர்கள். சரிபார்க்காமல் அனுப்பவும் செய்யாதீர்கள்.