சமூக ஊடகத்தில் மருத்துவ ஆணையம்

சித்தூர், திருப்பதி மருத்துவர்களின் பதிவைக் கவனிப்பது ஆந்திரப் பிரதேச மருத்துவக் கவுன்சில்; நாடு முழுமைக்கும் விதி வகுப்பது தேசிய மருத்துவ ஆணையம். இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பர் 25 அன்று வந்த இந்த ஆணையம், அறிவிப்புகளை எக்ஸ் தளத்திலும் வெளியிடுகிறது.

2023 ஆகஸ்ட் 2 அன்று அறிவித்த நடத்தை விதிகளில் மருத்துவர்களின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கென்றே தனிப்பகுதி இருந்தது. நோயாளியின் ஸ்கேன் படத்தைப் பதிவிடுவதைத் தவிர்க்க வேண்டும்; லைக்கும் ஃபாலோயரும் காசு கொடுத்து வாங்கக்கூடாது; அறுவை சிகிச்சை வீடியோ போட்டுப் பெருமையடிக்கக்கூடாது. பொதுவான நலக்குறிப்புகளுக்குத் தடையில்லை.

ஜெனரிக் பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்ற பிரிவை எதிர்த்து மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழ, ஆகஸ்ட் 23 அன்று விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. சண்டை மருந்துச்சீட்டில், அடிபட்டதோ சமூக ஊடகப் பகுதியும்தான்! விளம்பரத்தைத் தடுக்கும், பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன. அவை எழுதப்பட்டபோது ஃபேஸ்புக்கே பிறக்கவில்லை.