குவாண்டம் புள்ளி ஒளியுமிழ் டையோடுகளின் வளர்ச்சியில் மேற்பரப்பு வேதியியல் (1994 – 2019)

முன்னுரை

சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைகடத்திப் படிகங்கள் குவாண்டம் புள்ளிகள் எனப்படும். படிகம் சிறுத்தால் அது உமிழும் ஒளி நீலத்தை நோக்கியும், பெருத்தால் சிவப்பை நோக்கியும் நகரும். இவ்வியல்பை 1980களின் தொடக்கத்தில் அலெக்சி எகிமோவ் கண்ணாடியிலும் லூயி புரூஸ் கரைசலிலும் கண்டறிந்தனர். 1993இல் மவுங்கி பவெண்டி குழுவினர் சீரான அளவுடைய படிகங்களைத் தயாரிக்கும் முறையை வகுத்தனர். 2023இல் இம்மூவரும் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இதனால் இத்துறையின் வரலாறு பெரிதும் அளவின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மின்சாரத்தால் ஒளிரும் டையோடுகளின் வளர்ச்சியில் படிகத்தின் மேற்பரப்பு பெற்றுள்ள இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈனிகளின் இருமுகம்

நுண்படிகத்தில் அணுக்களின் கணிசமான பங்கு மேற்பரப்பில் அமைகிறது. அங்குள்ள நிறைவுறாப் பிணைப்புகள் மின்சுமைகளைச் சிறைப்படுத்துவதால், ஒளியாக வேண்டிய ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஈனிகள் எனப்படும் கரிம மூலக்கூறுகள் இப்பிணைப்புகளை நிறைவு செய்கின்றன. படிகங்கள் ஒன்றோடொன்று திரளாமலும் காக்கின்றன. ஆயினும் அவற்றின் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் மின்காப்பிகளாதலால் டையோடினுள் மின்சுமை படிகத்தை அடைவது தடைப்படுகிறது. 1994இல் பெர்க்லியில் கொல்வின், ஷ்லாம்ப், அலிவிசாட்டோஸ் ஆகியோர் காட்மியம் செலினைடு படிகங்களைக் கொண்டு உருவாக்கிய முதல் டையோடின் புறக் குவாண்டம் திறன் ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை.

மேலோட்டின் வருகை

1996இல் சிகாகோவில் ஹைன்ஸ், கியோ-சியோனெஸ்ட் ஆகியோர் காட்மியம் செலினைடின் மேல் துத்தநாக சல்பைடு மேலோட்டை வளர்த்து, அறை வெப்பநிலையில் 50 விழுக்காடு ஒளிர்வுத் திறனைப் பெற்றனர். இதனால் உட்கருவைக் காக்கும் பணியின் பெரும்பகுதி கரிம ஈனியிடமிருந்து கனிம மேலோட்டுக்கு மாறியது. 2014இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு சிவப்பு டையோடில் 20.5 விழுக்காடு புறக் குவாண்டம் திறனை எட்டியது. மின்சுமைகளைச் சமன்செய்யும் மெல்லிய காப்படுக்கு இதற்குத் துணைநின்றது. எனவே டையோடின் அடுக்கமைப்புக்கும் இவ்வரலாற்றில் உரிய பங்குண்டு.

காட்மியத்துக்கு மாற்று

காட்மியம் நச்சுத்தன்மை உடையது. மின்னணுக் கருவிகளில் அதன் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் கட்டுப்படுத்தியது. மாற்றாகக் கருதப்பட்ட இண்டியம் பாஸ்பைடின் மேற்பரப்போ எளிதில் ஆக்சைடாகும். 2019இல் சாம்சங் ஆய்வாளர்கள் ஹைட்ரோபுளூரிக் அமிலத்தால் அந்த ஆக்சைடை நீக்கி, துத்தநாக செலினைடு, துத்தநாக சல்பைடு மேலோடுகளை வளர்த்தனர். பின்னர் 18 கார்பன் கொண்ட ஒலியிக் அமில ஈனியை அகற்றி, 6 கார்பன் கொண்ட ஹெக்சனாயிக் அமிலத்தைப் பொருத்தினர். இவ்வாறு உருவான சிவப்பு டையோடின் புறக் குவாண்டம் திறன் 21.4 விழுக்காட்டை எட்டியது.

முடிவுரை

தொடக்கத்தில் ஈனி காவலாகவும் தடையாகவும் இருந்தது. மேலோடு காவலை ஏற்றதும் ஈனியைக் குறுக்கித் தடையைத் தளர்த்த வழி பிறந்தது. அளவு நிறத்தை வரையறுத்தது. அந்நிறம் மின்சாரத்தால் திறம்பட ஒளிர்வதற்கு மேற்பரப்பின் சீரமைப்பு இன்றியமையாததாயிற்று. ஆகவே 1993ஆம் ஆண்டுத் தயாரிப்பு முறைக்கு இணையான இடத்தை 1996ஆம் ஆண்டு மேலோட்டுக்கும் இத்துறை வரலாறு அளித்தல் தகும்.