சலங்கை திறந்த கதவு: பினாங்கில் கலை வளர்த்த கல்வி

கும்பிடக் கோவில் இருக்கிறது. படிக்கப் பள்ளி இருக்கிறது. இவை இரண்டும் இருக்கும்போது ஒரு சமூகத்துக்கு மூன்றாவதாகக் கலைக்கூடம் எதற்கு? ஆடவும் பாடவும் தெரிந்தால் வயிறு நிறையுமா? வேலை கிடைக்குமா?

தமிழர் வாழும் ஊர்களில் எல்லாம் கேட்கப்படும் கேள்விதான் இது. மகளை நாட்டிய வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் தகப்பனும் கேட்கிறார். மண்டபம் கட்ட நன்கொடை என்று வருவோரிடம் வணிகரும் கேட்கிறார். கேட்பதில் தவறு இல்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன் ஜார்ஜ்டவுன் நகரின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது. கோவிலும் பள்ளியும் எட்டாத ஓரிடத்தைக் கலை எப்படி எட்டியது என்பதை அந்த நகரம் காட்டுகிறது.

ஆண்கள் வந்து இறங்கிய துறைமுகம்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் படகுக்காரர்களும் கூலியாட்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். தமிழ் முஸ்லிம்களான சூலியர்களின் பெயரை இன்றும் ஒரு தெரு தாங்கி நிற்கிறது. 1801-இல் காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. 1833-இல் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோவில் உருவானது. பின்னர் நகரத்தாரின் கிட்டங்கிகளும் வந்தன.

இவர்களில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். குடும்பம் ஊரில், சம்பாத்தியம் இங்கே. கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. மனைவி மக்களோடு குடியேறியவர்கள் குறைவு. பெண்கள் குறைவாக இருந்த சமூகத்தில் பெண்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமும் தாமதமாகத்தான் வரும்.

கல்வி மட்டும் வேகமாக வந்தது. 1816 அக்டோபர் 21-ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியது. அங்கு நடந்த தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது. 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது இந்தக் கணக்கின்படிதான். ஆனால் அந்தத் தொடக்கத்தின் பலன் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது.

1852-இல் லைட் தெரு கான்வென்ட் வந்தது. 1885-இல் செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளி வந்தது. வசதியும் துணிவும் உள்ள சில வீட்டுப் பெண்கள் அவற்றில் படித்தார்கள். மற்ற வீடுகளில் நிலைமை வேறு. பெண் பெரியவளானதும் வீட்டோடு இருந்துவிட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதே பொதுக் கருத்து. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருந்தும் வீட்டு வாசல் தடையாக நின்றது.

இரண்டு விருந்தினர்கள்

1920-களின் கடைசியில் இரண்டு பெரியவர்கள் பினாங்குக்கு வந்தார்கள். இருவருக்கும் பாதை வேறு, பேச்சு வேறு.

1927-இல் வந்தவர் ரவீந்திரநாத் தாகூர். தம் விசுவபாரதி கல்வி நிலையத்துக்கு ஆதரவு திரட்டுவதும் அவருடைய மலாயாப் பயணத்தின் ஒரு நோக்கம். மரத்தடி வகுப்புகளில் பாட்டும் நடனமும் ஓவியமும் பாடமாகவே இருந்த நிலையம் அது. நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையில் ஆடுவதா என்று வங்காளத்திலும் முணுமுணுப்பு இருந்த காலத்தில், அவர் மாணவியரை மேடையேற்றினார்.

1929 டிசம்பரில் வந்தவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். கூடவே மனைவி நாகம்மையாரும் வந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையும் கல்வியும் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தீர்மானத்தின் சூடு ஆறுவதற்குள் அவர் மலாயா மண்ணில் கால் வைத்தார். பொதுவாழ்வில் கணவரோடு இணைந்து நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்ததே பலருக்குப் புதிய பாடமாக இருந்திருக்கும்.

ஒருவர் கலையைப் பேசினார், மற்றவர் பகுத்தறிவைப் பேசினார். பெண் கற்க வேண்டும் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

ஒரு சொல்லின் பாரம்

ஆனால் தமிழ்ப் பெண்ணுக்கும் நடனத்துக்கும் நடுவே ஒரு சொல் நின்றது. ஆட்டம் என்றாலே தாசியாட்டம் என்ற எண்ணம் அது. கோவிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் வந்தது. மறுபக்கம், கலை அழிந்துவிடக் கூடாது என்று வழக்கறிஞர் ஈ.கிருஷ்ண ஐயர் வாதாடினார். 1935-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி மேடையேறி ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த இசை வேளாளர் குலப் பெண்கள் பலர் மேடையை இழந்தார்கள். பாலசரஸ்வதி போன்ற சிலரே எல்லாத் தடைகளையும் மீறி நிலைத்தார்கள். கதவு ஒரு சாராருக்குத் திறந்தபோது இன்னொரு சாராருக்குச் சாத்தப்பட்டது. கலைக்கூடம் நடத்துவோர் மறக்கக் கூடாத பாடம் இது.

இருந்தாலும் ஒரு தலைமுறைக்குள் ஊர் மனம் மாறியது. பாட்டி காலத்தில் வெட்கம் என்று சொல்லப்பட்டது பேத்தி காலத்தில் பெருமையாயிற்று. அந்த மாற்றம் கடல் கடந்து மலேசியாவுக்கும் வந்தது.

நுண்கலைக் கோவில்

1981-இல் மலேசியாவில் தொடங்கப்பட்டது ‘டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ்’. நுண்கலைக் கோவில் என்று பொருள். நிறுவியவர் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி. அவருக்குத் துணை நின்றவர்கள் நாட்டிய ஆசிரியர்களான சிவதாஸ் - வத்சலா தம்பதியரும், கோபால் ஷெட்டி - ராதா ஷெட்டி தம்பதியரும். பினாங்கில் பாபிங்டன் அவென்யூவில் இதன் கிளை அமைந்தது. பின்னர் சிங்கப்பூர், பெர்த், கோவை என்று பல நகரங்களுக்கு அது பரவியது. 2005-இல் சுவாமி மறைந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது கட்டடத்தை அல்ல, முறையை. பரதநாட்டியம் மட்டும் என்று நிற்காமல் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், தபேலா என்று வகுப்புகள் விரிந்தன. இந்தியர் அல்லாத மாணவர்களும் சேர்ந்தார்கள். மேடைக்கு எடுத்துக்கொண்ட கதைகளும் இராமாயணத்தோடு நிற்கவில்லை. மேலை நாட்டு பாலேக் கதையான ‘ஸ்வான் லேக்’ இந்திய அடவுகளில் ஆடப்பட்டது. லங்காவித் தீவின் மஹ்சூரி கதையும் நாட்டிய நாடகமாயிற்று. செய்யாத குற்றத்துக்காகப் பழி சுமத்திக் கொல்லப்பட்ட பெண்ணின் கதை அது. அந்தக் கதையைச் சலங்கை கட்டி ஆடும் இளம்பெண் தாளத்தை மட்டுமா கற்கிறாள்? ஊர்ப்பழி என்பது என்ன செய்யும் என்பதையும் சேர்த்தே கற்கிறாள்.

வகுப்புக்கு வரும் சிறுமியோடு தாயும் வருகிறாள். அந்தத் தாய்க்கு அங்கே என்ன வேலை? இதற்கும் இந்த இயக்கம் ஒரு வழி கண்டது. 1984-இல் பிறந்த ‘அன்னலட்சுமி’ சைவ உணவகம் தொண்டர்களின் உழைப்பில் நடந்தது. அவர்களில் இல்லத்தரசிகள் பலர். விரும்பியதை உண்ணலாம், மனத்துக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. பினாங்கிலும் அன்னலட்சுமி இருந்தது. வீட்டு அடுப்படியில் யாரும் கணக்கில் எடுக்காத கைப்பக்குவம் பொது இடத்தில் மதிப்புப் பெற்றது. பந்தி நடத்துவதும், வரவு செலவு பார்ப்பதும், முன்பின் தெரியாதவரோடு பேசிப் பழகுவதும் கல்வி இல்லாமல் வேறு என்ன?

சிக்காகோவில் ஒரு வீடு

இந்த முறை உலகுக்குப் புதிதல்ல. 1889-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் தம் தோழி எல்லன் ஸ்டாருடன் ‘ஹல் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். இத்தாலி, கிரேக்கம் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் நிறைந்த பகுதி அது. குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி, பெரியவர்களுக்கு மாலை வகுப்பு, இசைப்பள்ளி, ஓவியக்கூடம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

1900-இல் அங்கே தொழில் அருங்காட்சியகம் ஒன்றும் அமைந்தது. புலம்பெயர்ந்து வந்த தாய்மார்கள் தங்கள் ஊர் முறைப்படி நூல் நூற்றுக் காட்டினார்கள். ஆங்கிலம் தெரியாத தாயோடு தெருவில் நடக்கவே கூச்சப்பட்ட மகள்கள், ஊரார் வியந்து பார்க்கும் கைவேலைக்காரியாகத் தங்கள் தாயைக் கண்டார்கள். அவர்கள் பார்வை மாறியது. ஜேன் ஆடம்ஸ் 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

தலைமுறைகளுக்கு நடுவே அறுந்த நூலை முடிச்சுப் போடுவதுதான் கலைக்கூடத்தின் தலையாய வேலை. அந்த நூல் ஜார்ஜ்டவுனில் அறுந்தது எப்போது?

வாடகை ஏறிய தெருக்கள்

பழைய ஜார்ஜ்டவுனில் கடைவீடுகள்தான் பள்ளிக்கூடம். கீழே தொழில், மேலே குடும்பம். கடை முன்னால் நீளும் ‘அஞ்சடி’யில் உட்கார்ந்து மாலை கட்டுபவரையும் நகை செய்பவரையும் பார்த்தே பிள்ளைகள் கைத்தொழில் கற்றார்கள். பழைய வாடகைக்கே அங்கு வாழ முடிந்ததற்குக் காரணம் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. 2000 ஜனவரி முதல் பாதுகாப்பு முற்றிலும் போயிற்று. ஆயிரக்கணக்கான கட்டடங்களில் வாடகை ஏறியது. பல குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. கைத்தொழில் தெரிந்த பெரியவர் ஒரு பக்கம், பேரப்பிள்ளை ஒரு பக்கம் என்றாயிற்று.

இதே வேளையில், 1999-இல், பினாங்கில் ‘ஆர்ட்ஸ்-எட்’ என்ற கலைக்கல்வி முயற்சி தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை கற்பித்த ஜேனட் பிள்ளை. ‘அனாக்-அனாக் கோத்தா’ அதன் முக்கியத் திட்டம். நகரத்துப் பிள்ளைகள் என்று பொருள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்து தெருத் தெருவாகப் போனார்கள். கைவினைஞர்களிடமும் முதியவர்களிடமும் கேள்வி கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், வரைந்தார்கள். சேகரித்ததை நாடகமாகவும் இசையாகவும் ஆக்கி அதே ஊராருக்கு நடித்துக் காட்டினார்கள். தீவின் மறுபக்கமான பாலிக் பூலாவ் பகுதியில் இளைஞர்கள் தங்கள் ஊரைப் பற்றிய செய்தி மடலே தயாரித்தார்கள்.

பரீட்சையில் தோற்ற பையனும் இங்கே தோற்பதில்லை. ஒரு முதியவரிடம் மரியாதையாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பேசத் தெரியும். கேட்டதை மேடையில் சொல்லத் தெரிந்தவனுக்கு நேர்முகத் தேர்வு பயமில்லை. வேலை கிடைக்குமா என்று கேட்ட தகப்பனுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

காட்சிக்கா, கல்விக்கா?

2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழா நடக்கத் தொடங்கியது. 2012-இல் வரையப்பட்ட சுவரோவியங்களின் முன் படம் எடுக்க உலகமே வந்தது. நகரத்துக்குப் புதுப் பொலிவு வந்ததை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சுற்றுப்பயணி பார்ப்பதற்காக ஆடும் ஆட்டம் வேறு, ஒரு சிறுமி வளர்வதற்காக ஆடும் ஆட்டம் வேறு. முன்னதற்கு ஒரு மணி நேரம் போதும். பின்னதற்குப் பத்து ஆண்டு பொறுமை வேண்டும். அழகாகச் சாயம் பூசிய தெருவில் பிள்ளைகளே இல்லையென்றால் அந்த மரபை யார் வாங்கிக்கொள்வார்கள்?

இன்னொரு குறையும் உண்டு. அரங்கேற்றம் என்றால் பட்டும் பந்தியும் மண்டப வாடகையும் என்று செலவு ஏறிவிட்டது. அடுக்குமாடியில் வாழும் கூலித் தொழிலாளியின் மகள் வகுப்பு வாசலிலேயே திரும்பிப் போனால் பழைய கதைதான் மீண்டும் நடக்கிறது. அன்று குலம் பார்த்துச் சாத்திய கதவை இன்று பணம் பார்த்துச் சாத்துவதாக ஆகிவிடும்.

ஆகவே கலைக்கூடம் எதற்கு என்ற கேள்விக்குப் பினாங்கு தரும் பதில் தெளிவானது. பள்ளி பிள்ளையை மட்டும் அழைக்கிறது. கலைக்கூடம் பிள்ளையோடு தாயையும் பாட்டியையும் சேர்த்து அழைக்கிறது. வெளியே அனுப்பத் தயங்கிய வீடுகளும் சலங்கை ஒலிக்கு மகளை அனுப்பின. அப்படி வெளியே வந்தவள் பேசக் கற்றாள், நடத்தக் கற்றாள், பிறருக்குக் கற்பிக்கவும் கற்றாள்.

மண்டபத்தின் உயரத்தையும் மேடையின் விளக்குகளையும் வைத்து ஒரு கலைக்கூடத்தை மதிப்பிட வேண்டாம். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண் உள்ளே வந்தாளா? கற்ற பின் அவளே ஆசிரியையாக நின்றாளா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆம் என்று சொல்லும் இடத்துக்குக் கொடுக்கும் நன்கொடை வீண் போகாது.